மூன்றில் இரண்டு ஜெயித்தும் பணம் குறைந்தது ஏன்?

கேள்வி: வணக்கம் சார். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். ஐடி வேலை, வயது 36. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் ஒரு வீட்டில் கூடி என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) ஆட்டம் பார்ப்போம். அவர்களோடு சேர்ந்து போன சீசனிலிருந்து மொபைல் ஆப்பில் பந்தயமும் கட்டுகிறேன். சமீபத்தில் மூன்று அணிகளை வைத்து 6 புள்ளி டீசர் (ஒவ்வொரு அணிக்கும் 6 புள்ளி சலுகை, ஆனால் எல்லாமே வர வேண்டும்) ஒன்றில் 100 டாலர் போட்டேன். ஆட்ஸ் +160, அதாவது 100 கட்டினால் 160 லாபம். இரண்டு அணிகள் சுலபமாக வந்துவிட்டன. மூன்றாவது அணிக்கு -9, அதாவது 9 புள்ளிக்கு மேல் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது, டீசரில் -3 ஆனது. அந்த அணி சரியாக 3 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. கையில் 260 டாலர் வரும் என்று இருந்தேன், 183.33 தான் வந்தது. ஏமாற்றுகிறார்களா? இன்னொன்று. "ரெண்டு அணி டீசர் எஃப்டி மாதிரி, ஆறு புள்ளி சேர்த்தா எந்த அணியும் பத்துக்கு ஏழு தடவை வரும்" என்கிறான் நண்பன். மாதம் 500 டாலர் இதற்கென்று ஒதுக்கலாமா? கிரெடிட் கார்டில் 4,000 டாலர் பாக்கி இருக்கிறது, வட்டி 24 சதவீதம். மனைவி பெயரிலும் ஒரு கணக்கு திறந்தால் போனஸ் கிடைக்குமாம். திறக்கலாமா?

பதில்: முதலில் அந்த 76 டாலர் 67 சென்டை முடித்துவிடுவோம். ஏமாற்றவில்லை. -3 என்றால் உங்கள் அணி 3-க்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். சரியாக 3 என்றால் அது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அதற்கு புஷ் என்று பெயர். மூன்று அணி டீசரில் ஒன்று புஷ் ஆனால், பெரும்பாலான கம்பெனிகள் அந்த ஒன்றை எடுத்துவிட்டு மிச்சத்தை இரண்டு அணி டீசராகக் கணக்கிடும். இரண்டு அணி டீசரின் வழக்கமான விலை -120, அதாவது 120 கட்டினால் 100 லாபம். 100 கட்டிய உங்களுக்கு லாபம் 83.33. முதலோடு சேர்த்து 183.33. கணக்கு சரியாகவே இருக்கிறது.

ஆனால் இந்த விதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இரண்டு அணி டீசரில் ஒன்று ஜெயித்து ஒன்று புஷ் ஆனால் பல இடங்களில் கட்டிய பணத்தை அப்படியே திருப்பித் தந்துவிடுவார்கள். ஒன்று புஷ், ஒன்று தோல்வி என்றால் பொதுவாகத் தோல்விதான். மூன்று அணிக்கும் 10 புள்ளி தரும் டீசர் ஒன்று உண்டு. தாராளமாகத் தெரியும், ஆனால் அதில் பல இடங்களில் புஷ்ஷையும் தோல்வியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆப்பில் 'ஹவுஸ் ரூல்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும், டீசர் என்ற தலைப்பில் பத்து வரி இருக்கும். பணம் கட்டுமுன் அதைப் படியுங்கள். அதற்கு மாறாக நடந்தால் நியூ ஜெர்சியின் கேமிங் அமலாக்கப் பிரிவில் புகார் தரலாம். விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி, 2018 மே மாதம் தீர்ப்பு வாங்கி, அடுத்த மாதமே மான்மத் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் பந்தயத்தைத் தொடங்கிய மாநிலம் அது. உரிமம் பெற்ற கம்பெனி என்றால் கேட்க ஆள் உண்டு.

சரி, இப்போது டீசருக்கு வருவோம். நமக்கு டீசர் என்றால் படம் வெளியாகுமுன் வரும் ஒரு நிமிடத் துணுக்கு. இங்கேயும் பொருள் அதேதான், ஆசை காட்டுவது. சாதாரணமாக ஒரு ஆட்டத்துக்கு ஸ்ப்ரெட் என்று ஒரு கோடு போடுவார்கள். உதாரணத்துக்கு ஈகிள்ஸ் -8.5 என்றால் ஈகிள்ஸ் 9 புள்ளியிலாவது ஜெயிக்க வேண்டும். டீசரில் அந்தக் கோட்டை உங்களுக்குச் சாதகமாக 6 புள்ளி நகர்த்தித் தருவார்கள். ஈகிள்ஸ் -2.5 ஆகிவிடும், 3 புள்ளியில் ஜெயித்தாலே போதும். ஜெட்ஸ் +1.5 என்று இருந்தால் +7.5 ஆகும். 7 புள்ளியில் தோற்றாலும் உங்கள் பந்தயம் ஜெயிக்கும். நிபந்தனை ஒன்றுதான்: குறைந்தது இரண்டு அணிகளையாவது சேர்க்க வேண்டும், எல்லாமே வர வேண்டும்.

இந்த ஆறு புள்ளியை யாரும் இனாமாகத் தருவதில்லை. விலை என்ன என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதே இரண்டு அணிகளை, கோட்டை நகர்த்தாமல், தலைக்கு -110 என்ற வழக்கமான விலையில் பார்லேயாக (இரண்டும் வந்தால்தான் பணம் என்ற ஒரே பந்தயமாக) கட்டியிருந்தால் 100 டாலருக்கு லாபம் ஏறக்குறைய 264. டீசராகக் கட்டினால் 83. ஆக இரண்டு ஆட்டங்களிலும் ஆறாறு புள்ளி வாங்க நீங்கள் விட்டுக்கொடுத்த தொகை 181 டாலர். ஆப்பில் இந்த 181 எங்கேயும் கண்ணில் படாது. புள்ளி கூடுவது மட்டும் பளிச்சென்று தெரியும்.

இப்போது உங்கள் நண்பரின் பத்துக்கு ஏழு. அவர் சொல்வதை நான் மறுக்கப்போவதில்லை. ஒரு அணி பத்துக்கு ஏழு தடவை வரும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இரண்டும் சேர்ந்து வர வேண்டுமே. 0.70-ஐ 0.70-ஆல் பெருக்குங்கள், 0.49. நூறு தடவையில் 49 தடவைதான் பணம் வரும். ஒவ்வொரு தடவையும் 100 டாலர் என்றால் மொத்தம் 10,000 டாலர் கட்டியிருப்பீர்கள். 49 தடவை 183.33 வீதம் திரும்பி வருவது 8,983. ஆயிரத்துச் சொச்சம் போய்விட்டது. பத்துக்கு ஏழு என்ற அவர் கணக்கு சரியாக இருந்தாலே இந்த நஷ்டம். அதைவிடக் குறைவாக வந்தால் நஷ்டம் இன்னும் அதிகம்.

-120 விலையில் கையைச் சுடாமல் தப்பிக்க ஒவ்வொரு அணியும் நூற்றுக்கு 73.9 தடவை வர வேண்டும். விலை -110 ஆக இருந்தால் 72.4 போதும். -130 என்றால் 75.2. எழுபதுக்கும் எழுபத்து நாலுக்கும் நடுவே இருக்கும் அந்த நாலு சதவீதத்தில்தான் கம்பெனியின் வருமானம் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் போட்ட மூன்று அணி +160-இலும் கதை பெரிதாக மாறாது. அங்கே 72.7 தேவை. எழுபது வந்தால் நூறு டாலருக்கு 11 டாலர் அளவுக்கு நஷ்டம்.

அப்படியானால் டீசரில் யாருமே ஜெயிப்பதில்லையா? இது நியாயமான கேள்வி. அமெரிக்கக் கால்பந்தில் எல்லா வித்தியாசங்களும் ஒரே மாதிரி வருவதில்லை. ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி, டச்டவுனுக்குக் கூடுதல் உதையோடு 7. அதனால் ஆட்டங்கள் 3 புள்ளியிலும் 7 புள்ளியிலும் முடிவது அதிகம். ஏழு ஆட்டத்துக்கு ஒன்று என்ற அளவில் 3 புள்ளி வித்தியாசத்தில் முடிகிறது. உங்கள் மூன்றாவது அணிக்கு நடந்தது துரதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். -9-ஐ ஆறு நகர்த்தினால் அது போய் நிற்கும் இடமே அந்த 3-இன் தலைமேல்தான். அந்தக் கோடு -8.5 ஆக இருந்திருந்தால் -2.5 ஆகி, முழு 260 வந்திருக்கும். இந்த அரைப் புள்ளிக்குப் பந்தயக்காரர்கள் ஹூக் என்பார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் ஆறு புள்ளியை 3, 7 இரண்டையும் தாண்டும்படி மட்டுமே பயன்படுத்துவார்கள். -7.5 முதல் -8.5 வரை உள்ள அணியைக் கீழே இறக்குவது, +1.5 முதல் +2.5 வரை உள்ள அணியை மேலே ஏற்றுவது. இதைப் புத்தகத்தில் எழுதியவர் பெயரால் இதற்கு வாங் டீசர் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு காலத்தில் இரண்டு அணி டீசர் -110-க்குத் தாராளமாகக் கிடைத்தபோது இது உண்மையிலேயே லாபம் தந்தது. கம்பெனிகளும் கணக்குத் தெரிந்தவர்கள்தானே. விலையை -120 ஆக்கினார்கள், சில இடங்களில் அதற்கும் மேலே. கோடு அந்த இடத்தில் விழாதபடி அரைப் புள்ளி தள்ளி வைப்பதும் உண்டு. மிச்சம் இருக்கும் லாபம், இருந்தால், ஐந்தாறு ஆப்பில் விலை ஒப்பிட்டு, பொருந்தாத வாரங்களில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவருக்குத்தான். நண்பர்களோடு சோபாவில் உட்கார்ந்து, கையில் சமோசாவோடு, ஞாயிறு மதியம் மூன்று அணி பொறுக்குபவருக்கு அல்ல. நானும் அந்த சோபா கூட்டம்தான், அதனால் சொல்கிறேன்.

-2.5-ஐ +3.5 ஆக்குவது போன்றவை இன்னும் மோசம். நீங்கள் வாங்கும் ஆறு புள்ளியில் பெரும்பகுதி பூஜ்யத்தைச் சுற்றியே செலவாகிறது. ஆட்டம் அந்த இடத்தில் முடிவது குறைவு. கூடைப்பந்து டீசரில் 3, 7 மாதிரி குவியும் எண்களே கிடையாது, அதன் பக்கம் போகவே வேண்டாம்.

இனி உங்கள் 500 டாலர். எஃப்டியில் முதல் திரும்பி வரும், வட்டி எவ்வளவு என்று போடும்போதே தெரியும். டீசரில் இரண்டுமே இல்லை. ஆனால் அந்த இரண்டும் இருக்கும் இடம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அந்த கிரெடிட் கார்டு. 4,000 டாலருக்கு 24 சதவீதம் என்றால் முதல் மாதமே 80 டாலர் வட்டி. மாதம் 500 கட்டினால், புதிதாக எதுவும் தேய்க்காத பட்சத்தில், ஒன்பது மாதத்தில் பாக்கி தீர்ந்துவிடும். கட்டும் ஒவ்வொரு டாலருக்கும் வருஷத்துக்கு 24 சென்ட் மிச்சம், உறுதியாக. எந்த அணி ஜெயித்தாலும் தோற்றாலும். எந்த நிதி ஆலோசகரும் இதைவிட நல்ல உறுதியான வருமானத்தை உங்களுக்குக் காட்ட முடியாது, நானும் சேர்த்துத்தான்.

அதற்காக ஞாயிறு கூட்டத்தில் நீங்கள் மட்டும் வேடிக்கை பார்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வாரம் 10 டாலர் வைத்துக்கொள்ளுங்கள். சீசன் 18 வாரம், மொத்தம் 180 டாலர். சினிமா டிக்கெட் மாதிரி அது செலவுக் கணக்கில் போகட்டும், முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். அந்தப் பத்து டாலரையும் டெபிட் கார்டிலிருந்து போடுங்கள். கிரெடிட் கார்டிலிருந்து பந்தய ஆப்புக்குப் பணம் அனுப்பினால் பல வங்கிகள் அதை கேஷ் அட்வான்ஸாக, அதாவது கார்டில் எடுத்த ரொக்கக் கடனாகக் கருதும். தனிக் கட்டணம் விழும், வட்டியும் அன்றைக்கே ஓடத் தொடங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, வரி. பந்தயத்தில் ஜெயித்த பணம் மத்திய அரசு வரிக்கு வருமானம். ஜெயித்த பணத்தை வரித்துறைக்குத் தெரிவிக்கும் டபிள்யூ-2ஜி படிவம் உங்களுக்கு வரவில்லை என்பதால் காட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஸ்போர்ட்ஸ் பந்தயத்தில் அந்தப் படிவம் வர, கட்டியதைப் போல 300 மடங்காவது ஜெயித்திருக்க வேண்டும், சாதாரண டீசருக்கு அது வரவே வராது. நஷ்டத்தைக் கழிக்க வேண்டுமானால் ஸ்டாண்டர்டு டிடக்ஷன் என்ற மொத்தக் கழிவை விட்டுவிட்டு, கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டி ஐட்டமைஸ் செய்ய வேண்டும். சம்பளக்காரர்களில் பலருக்கு அது கட்டுப்படியாகாது. அப்படியே செய்தாலும் 2026 முதல் நஷ்டத்தில் 90 சதவீதம்தான் கழிக்க முடியும். வருஷத்தில் 3,000 ஜெயித்து 3,000 தோற்றால் கையில் ஒன்றும் இல்லை, ஆனால் கழிக்க முடிவது 2,700. இல்லாத 300 டாலருக்கு வரி. நியூ ஜெர்சி மாநில வரியில் மட்டும் அதே வருஷத்து நஷ்டத்தை வெற்றியோடு கழித்துக்கொள்ள விடுகிறார்கள். எதுவானாலும் ஆப்பிலிருந்து வருஷக் கணக்கை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவி பெயரில் கணக்கு வேண்டாம். அவரே விரும்பி, அவரே திறந்து, அவரே ஆடினால் அது அவர் விஷயம். அவர் பெயரில் திறந்து நீங்கள் ஆடுவது விதிமீறல். கண்டுபிடித்தால் இரண்டு கணக்கையும் மூடி, இருக்கும் பணத்தையும் நிறுத்தி வைப்பார்கள். போனஸும் பெரும்பாலும் பணமாக வராது, திரும்பப் பந்தயத்தில்தான் போட வேண்டியிருக்கும்.

கடைசியில் ஒன்று கேட்கிறேன். கார்டில் 4,000 பாக்கி என்று எழுதிய நீங்கள் அது எப்படி வந்தது என்று எழுதவில்லை. கார், பல் வைத்தியம், ஊருக்குப் போன விமான டிக்கெட் என்றால் மேலே சொன்னது போதும். அதில் ஒரு பகுதி போன சீசனில் இந்த ஆப்பில் போட்ட பணம் என்றால், பத்து டாலர் யோசனையை மறந்துவிடுங்கள். ஆப்பிலேயே டெபாசிட் வரம்பு வைக்கவும், உங்களை நீங்களே விலக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. 1-800-426-2537 என்ற சூதாட்டப் பிரச்சினை உதவி எண்ணில் பேச ஆள் இருக்கிறார்கள், காசு கிடையாது. போன சீசன் முழுக்கப் போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று ஆப்பில் பார்த்து, அந்த இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.