விமான நிலையத்தில் வந்து இறங்குபவர்களுக்கும் விமானம் மாறுபவர்களுக்கும் பயணத்தை எப்படி எளிதாக்கலாம்?

கேள்வி கேட்டவர் விமான நிலைய நிர்வாகம் படிக்கிற மாணவர் என்று நினைக்கிறேன். பூங்கா, மசாஜ் நாற்காலி, நல்ல காபிக் கடை என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். சிங்கப்பூர் சாங்கியில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பவர்களை இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். நானும் ஒருமுறை போனேன், அருமையாக இருந்தது. ஆனால் என் அம்மாவுக்கு அது எதுவும் தேவைப்படவில்லை. "இப்ப இங்க வாங்க, அடுத்து அங்க போகணும்" என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

நான் இருப்பது ஜெர்மனியில். என் பிரசவத்துக்கு வந்து ஐந்து மாதம் இருந்துவிட்டு அம்மா தனியாக மதுரைக்குத் திரும்பினார். இந்தியாவில் ஒரு பெரிய ஊரில் இறங்கி உள்நாட்டு விமானம் மாற வேண்டும். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, காரணம் பின்னால் வருகிறது. வீல்சேர் போடட்டுமா என்று கேட்டேன். "நான் நல்லாத்தானடி நடக்குறேன், எனக்கெதுக்கு? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?" என்று மறுத்துவிட்டார்.

செக்-இன் கவுன்டரில் அவருடைய பெரிய பையில் ஒட்டிய சீட்டில் ஐ.எக்ஸ்.எம். என்று அச்சாகியிருந்தது. அது மதுரைக்கான குறியீடு. கவுன்டரில் இருந்தவரும் பை நேராக மதுரைக்குப் போய்விடும் என்றார். நானும் அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அங்கேதான் தப்பு நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து இந்தியாவுக்குள் விமானம் மாறுகிறவர், சீட்டில் எந்த ஊர் போட்டிருந்தாலும், பொதுவாக முதலில் இறங்குகிற ஊரிலேயே பையை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அடிக்கடி வந்துபோகிறவர்களுக்கு இது தெரியும். முதல்முறை தனியாக வருகிறவருக்கு யார் சொல்வது?

இறங்கியது இரவு ஒன்றேகால். அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு விமானங்கள் வரிசையாக வந்து இறங்கும். இமிக்ரேஷனில் ஒன்றேகால் மணி நேரம் நின்றிருக்கிறார். அப்புறம் பெல்ட்டுகள் இருக்கிற கூடம். எல்லாரும் பைக்காக முண்டியடித்துக்கொண்டிருக்க, தன் பை மதுரைக்குப் போய்விட்டது என்ற நிம்மதியில் அம்மா அவர்களைத் தாண்டி வெளியே நடந்துவிட்டார். ஒருமுறை வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அவருடைய பச்சை நிறப் பை, கைப்பிடியில் அடையாளத்துக்காகக் கட்டிய சுங்குடிச் சேலைத் துண்டோடு, பெல்ட்டில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரஷர் மாத்திரையும் அதற்குள்தான்.

எனக்கு ஏன் கூப்பிடவில்லை என்கிறீர்களா? ஜெர்மனிக்கு வரும்போது அம்மா தன் போனுக்குப் போட்டது 84 நாள் ரீசார்ஜ். ஐந்து மாதத்தில் அந்த எண்ணே செயலிழந்துவிட்டது. விமான நிலையத்தில் இலவச வைஃபை என்று பெரிதாக எழுதியிருந்தது, ஆனால் அதில் நுழைய ஓ.டி.பி. வேண்டும், ஓ.டி.பி. வர அந்த எண் வேண்டும். வந்து இறங்குகிறவரிடம் உயிரோடு இருக்கிற உள்ளூர் எண் இருக்காது என்பதை யாரும் யோசிக்கவில்லையா?

புறப்பாட்டு வாசலில் டிக்கெட் பார்க்கிற சி.ஐ.எஸ்.எஃப். காவலர் ஒருவர், அம்மா "முருகா" என்று முனகியதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறார். "மதுரைக்காம்மா போறீங்க?" என்றாராம். உசிலம்பட்டிப் பக்கம். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தன் போனிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். இங்கே இரவு பதினொன்றரை. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். "அக்கா, அம்மா பத்திரமா இருக்காங்க. ஆனா பைய எடுக்கலையாம்" என்றார். டூட்டி நேரத்தில் போன் எடுத்ததற்காக அந்தத் தம்பிக்கு ஒரு கேள்வியும் வந்துவிடக் கூடாது. ஊர்ப் பெயர் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

அம்மா விமானத்தைப் பிடித்துவிட்டார். மதுரையில் இறங்கியதும் வெளியே போகாமல் அங்கேயே பை வரவில்லை என்று புகார் பதிவு செய்யச் சொன்னேன். எண்ணோடு ஒரு சீட்டு கொடுத்தார்கள். உங்களுக்கு இப்படி நடந்தால் அந்தச் சீட்டை வாங்காமல் விமான நிலையத்தை விட்டு நகராதீர்கள். பன்னாட்டுப் பயணங்களுக்குப் பொருந்துகிற மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பை சேதமென்றால் கையில் கிடைத்த 7 நாளுக்குள்ளும், தாமதமென்றால் 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். எங்கள் பை நான்காம் நாள் வந்தது. சுங்குடித் துணி அப்படியே இருந்தது.

"விவரம் தெரியாதவரைத் தனியாக அனுப்பியது உன் தப்பு" என்று ஒருவர் கட்டாயம் கமென்ட் போடுவார். என் அம்மா 31 வருஷம் அங்கன்வாடி நடத்தியவர். பதிவேடு, கணக்கு எல்லாம் அவர் கையெழுத்தில். அவருக்குத் தெரியாதது ஆங்கிலமும் இந்தியும் மட்டும். "எல்லா ஊரிலும் தமிழில் போர்டு வைக்க முடியுமா?" என்றும் கேட்பீர்கள். வைக்கச் சொல்லவில்லை. வங்காளத்துப் பாட்டி சென்னையில் இறங்கினாலும் இதே கதைதான்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். நன்றாக நடக்கிற நம் பெற்றோருக்கு நாம் வீல்சேர் போடுகிறோம். டிக்கெட்டில் டபிள்யூ.சி.ஹெச்.ஆர். என்று குறிப்பார்கள், படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், நெடுந்தூரம் மட்டும் முடியாது என்று பொருள். இதை ஏமாற்று என்று திட்டுகிறார்கள். உண்மையிலேயே நடக்க முடியாதவர் அதனால் காத்திருக்க நேர்கிறது, அது எனக்கும் வலிக்கிறது. ஆனால் பிள்ளைகள் கேட்பது சக்கரத்தை இல்லை, அதைத் தள்ளுகிற ஆளை. அவர் வழி கேட்டுச் சொல்வார், பெல்ட்டில் நின்று பை எடுத்துத் தருவார், கேட் வரை கொண்டுபோய் விடுவார். ஆகவே வழித்துணையைத் தனிச் சேவையாக்கி, டிக்கெட் போடும்போதே மொழியையும் கேட்டுவையுங்கள். அந்த மொழி பேசுகிறவர் நேரில் வர முடியாவிட்டால் போனில் பேசட்டும். விமானத்தின் கதவருகே நாலு பேருக்கு ஒரு ஆள் நின்றால் வீல்சேர் வரிசை பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. ஹூஸ்டன் விமான நிலையத்தில் பை வர நேரமாகிறது என்ற புகார்களைக் குறைக்க, பயணிகள் பெல்ட்டுக்கு நடக்கிற தூரத்தைக் கூட்டினார்கள், புகார் நின்றது என்ற கதையை நிர்வாக வகுப்புகளில் பெருமையாகச் சொல்வார்கள். உங்கள் பாடத்திலும் வந்திருக்கும். மூட்டுவலிக்காரரை வைத்து யாராவது அதை யோசித்தார்களா? எனக்குப் பிடித்தது ஜப்பானின் கன்சாய் விமான நிலையம். அங்கே பைகளின் கைப்பிடி பயணியைப் பார்த்து இருக்கும்படி பெல்ட்டில் வைக்கிறார்கள். குனிந்து புரட்டாமல் எடுக்கலாம். அதேபோல, 2018 ஜூன் முதல் உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா, பையை நான்கு இடங்களில் கணக்கு வைக்கச் சொல்கிறது: வாங்கும்போது, ஏற்றும்போது, மாற்றும்போது, திருப்பித் தரும்போது. அப்படிக் கணக்கு இருந்தால் ஒரு பை எடுக்கப்படாமல் சுற்றுவது அவர்களுக்குத் தெரியும்தானே? அந்தப் பைக்குரியவர் வாசலைத் தாண்டும் முன் ஒருவர் ஓடிப்போய்ச் சொல்லலாமே.

அடுத்த வருஷம் அம்மா மறுபடி வந்தார். திரும்பும்போது ஒரு தாளில் ஆங்கிலம், இந்தி, தமிழ் மூன்றிலும் எழுதி பாஸ்போர்ட் உறையில் வைத்தேன்: "நான் தமிழ் மட்டும் பேசுவேன். என் பையை இங்கே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். பச்சைப் பை, சிவப்புத் துணி கட்டியிருக்கும். அடுத்த விமானத்தின் எண் இது. என் மகளின் எண் இது." இமிக்ரேஷன் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்ட சீருடைக்காரரிடம் அதை நீட்டச் சொன்னேன்.

இங்கே நள்ளிரவுக்கு யாரோ ஒரு பெண்ணின் போனிலிருந்து அழைப்பு வந்தது. "பைய எடுத்துக் குடுத்துட்டேன்டி. கேட்டுல உக்காந்துட்டேன். நீ புள்ளயப் போட்டுட்டுத் தூங்கு."