மயக்க மருந்து கொடுத்து கொலோனோஸ்கோபி செய்யும்போது காலில் ரத்தம் உறைந்துவிடுமா? தடுக்க என்ன செய்வார்கள்?

எண்டோஸ்கோபி அறையில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். அப்பாவுக்கு 68 வயது, பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டு, பாலிப் (குடலின் உள்சுவரில் முளைக்கும் வளர்ச்சி) ஒன்றை எடுக்கப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவதால்தான் கால் ரத்தம் மேலே ஏறுகிறது. விழித்திருப்பவர் படுத்திருந்தாலும் காலை அசைத்துக்கொண்டிருப்பார். புரோபோபால் என்ற மயக்க மருந்து ஏறியவர் அசைக்க மாட்டார். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அது அரை மணி, முக்கால் மணி வேலை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நடந்து, காபி எங்கே என்று கேட்பார். இதற்காக எல்லோருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுவதில்லை.

ஆரம்பநிலைப் புற்றைக் குடலின் உள்சவ்வோடு செதுக்கி எடுக்கும் சிகிச்சை வேறு கதை; சில சமயம் மணிக்கணக்கில் நீளும். அப்போது காலில் காற்றுப்பை உறை மாட்டுவோம். இயந்திரம் அதை ஊதி ஊதித் தளர்த்தும். தசை செய்ய வேண்டிய வேலையை அது செய்யும். முன்பே காலில் ரத்தக்கட்டு இருந்தவர், புற்றுநோயாளி, படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலில் இப்போதே கட்டு இருந்தால் அந்த உறையை மாட்டக் கூடாது.

நான் பயப்படுவது வீட்டில் நடப்பதைப் பார்த்துத்தான். ஒருமுறை, இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர் ஒருவர் வந்தார். "ரத்தம் நிற்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பத்து நாளாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை நிறுத்தியிருந்தார். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) 1.1, மாத்திரையே போடாதவர்போல! வால்வில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போயிருந்தால்? அவருக்குச் செய்யவிருந்தது இரைப்பையைப் பார்த்துச் சோதனைக்குச் சிறு சதைத் துணுக்கு எடுப்பது மட்டும். ஐ.என்.ஆர். வரம்புக்குள் இருந்தால் அதற்கு மாத்திரையை நிறுத்தவே தேவையில்லை. அன்று எண்டோஸ்கோபியைத் தள்ளிவைத்து, இதய மருத்துவரிடம் அனுப்பினோம்.

பாலிப் எடுப்பதென்றால் இந்த மாதிரி மாத்திரைகளை நிறுத்தச் சொல்லலாம். வார்பரின் பொதுவாக 5 நாள் முன்பு நிற்கும். அபிக்சபான், ரிவரோக்சபான் வகையில் கடைசி வேளை 3 நாள் முன்பு இருக்கும். சிறுநீரகம் சரியில்லாவிட்டால் இன்னும் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உலோக வால்வுக்காரர்களுக்கு இடைப்பட்ட நாட்களில் ஹெப்பாரின் ஊசி தேவைப்படலாம். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரவே சொல்வார்கள். இதையெல்லாம் இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். நீங்கள் கணக்குப் போட வேண்டாம்.

குடலைச் சுத்தம் செய்யப் பேதி மருந்து குடித்த இரவில் வயதானவர்கள் கழிவறைக்கு அலைய அஞ்சித் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். உடல் வறண்டால் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும். அனுமதித்த நேரம் வரை தண்ணீரும் இளநீரும் கொடுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கிளம்பும்போது தரும் சீட்டில் மாத்திரையை மறுபடி எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். பல சீட்டுகளில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். எழுதி வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.