தபாலில் வந்த பெருந்தமனிக் கேள்விகள்

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: ஒன்றரை வயதுப் பேரனுக்கு மூச்சில் கர் கர்ரென்று சத்தம். ஆஸ்துமா மருந்து கேட்கவில்லை. ஸ்கேன் வேண்டுமா?

பிறந்ததிலிருந்தா, மூச்சை இழுக்கும்போதா விடும்போதா? எதையும் எழுதவில்லையே. சாப்பிடும்போது சத்தம் கூடினால் இரட்டைப் பெருந்தமனி வளைவாக இருக்கலாம் (பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்). மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சேர்த்து வளையம் போட்டு இறுக்கும். பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் உணவுக்குழாய் பள்ளம் விழுந்து தெரியும். வளையத்தை முழுசாகப் பார்க்க ரத்தக்குழாயைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன்தான். உதடு நீலம் பாரித்தால் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

தேவகோட்டை: அம்மாவுக்கு 58. வலது கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனி இடம் மாறிக் கிளம்புகிறதாம். ஆபரேஷனா?

நூற்றில் ஒருவருக்கு இருக்கும். அது பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் போகும். பணியாரம் சிக்காமல் இறங்குகிறதா? அப்படியானால் விட்டுவிடலாம். கிளம்பும் இடத்தில் வீக்கம் என்று ரிப்போர்ட்டில் இருந்தால் மட்டும் பேச்சு வேறு.

காரைக்குடி: எனக்கு 26. பிபி 170/100. இரண்டு வருடமாக மாத்திரை. எல்லா ஸ்கேனும் எடுக்கட்டுமா?

கால் பிபி யாராவது எடுத்தார்களா? மாட்டார்கள். காலில் கையளவோ சற்றுக் கூடவோ இருக்க வேண்டும். கையைவிட 20 குறைந்தால் பெருந்தமனிச் சுருக்கத்தைத் தேட வேண்டும். அதற்கு முதலில் வேண்டியது இரண்டு விரல். ஒன்று கை மணிக்கட்டில், இன்னொன்று தொடை இடுக்கில். கீழே நாடி மெலிந்தோ பிந்தியோ வந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

சில வருடம் முன்பு 19 வயதுப் பையன் மூன்று எக்ஸ்ரேயோடு வந்தான். மூன்றிலும் விலா எலும்பின் கீழ் விளிம்பு எலி கடித்தாற்போல இருந்தது. சுருக்கத்தைச் சுற்றிப் போகும் ரத்தத்தால் விலாத் தமனிகள் பெருத்து எலும்பை அரித்திருந்தன. மூன்று ரிப்போர்ட்டும் 'நார்மல்'! தொடை நாடியைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று இருபது வருடமாகக் கத்துகிறேன். நீங்கள் முதலில் கால் பிபி, அப்புறம் எக்கோ எனும் இதய ஸ்கேன். பெருந்தமனி வால்வுக்கு இதழ் இரண்டா மூன்றா என்றும் கேளுங்கள். இந்தச் சுருக்கம் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு இரண்டுதான். பிறகே சிடியோ எம்ஆர்ஐயோ.

கானாடுகாத்தான்: குழந்தையின் ஸ்கேன் போட்டோ அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பார்த்தேன். ஃபிலிமுக்குப் பின்னால் உங்கள் வீட்டு வளவுத் தூண் நன்றாகத் தெரிகிறது, தமனிதான் தெரியவில்லை. போட்டோ வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது? சிடி அனுப்புங்கள் என்றால் 'சிடி எடுத்தாச்சு சார்' என்கிறார்கள். நான் கேட்பது ஸ்கேன் பதிவான தட்டு.