ஒரு எச்.பி. மோட்டார் போட்டால் கரண்ட் பில் இரண்டு மடங்காகுமா?

கேள்வி: யாங்கோனில் மாடி வீட்டில் இருக்கிறோம். கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. அதற்குள் கீழ்த்தொட்டித் தண்ணீரை மேலே இருக்கும் 1000 லிட்டர் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். இருப்பது அரை எச்.பி. மோட்டார், நிரம்ப ஒரு மணி நேரம் ஆகிறது. ஒரு எச்.பி. வாங்கலாம் என்றால், பில் இரண்டு மடங்காகும் என்கிறார் என் கணவர். உண்மையா?

பதில்: ஆகாது. எச்.பி. என்பது திறன், அதாவது வேலை நடக்கும் வேகம். மீட்டரில் ஓடுவது ஆற்றல். திறனை நேரத்தால் பெருக்கினால்தான் ஆற்றல் வரும். ஒரு குடத்தை மாடிக்கு நிதானமாகத் தூக்கிப் போனாலும் ஓடிப்போய் வைத்தாலும் குடத்தின் மீது நடந்த வேலை ஒன்றுதான். மூச்சு வாங்குவதில்தான் வித்தியாசம்.

உங்கள் தொட்டி 12 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1000 லிட்டர் தண்ணீர் 1000 கிலோ. அதை ஏற்றும் வேலை 1000 × 9.8 × 12, அதாவது 1,17,600 ஜூல். பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் மீட்டரின் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். எனவே இது ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்குதான்!

நடைமுறையில் இதைப் போல மூன்று நான்கு மடங்கு செலவாகும். சிறிய பம்புகள் வாங்கும் கரண்டில் பெரும்பகுதியைச் சூடாகவும் உராய்வாகவும் வீணாக்குகின்றன. ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆனால் அது மோட்டார் வெளியே தரும் திறன்; கரண்டாக உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். குறையில்லாத அரை எச்.பி. மோட்டார் சுமார் 550 வாட் இழுத்து, தொட்டியை நிரப்ப 13 நிமிடம் ஓடினால் 0.12 யூனிட். ஒரு எச்.பி. மோட்டார் 1100 வாட் இழுத்து அதில் பாதி நேரம் ஓடினாலும் அதே 0.12 யூனிட். பைப் மெலிதாக இருந்தால் மட்டும், வேகமாகத் தள்ளும்போது உராய்வு கூடிச் செலவு கொஞ்சம் ஏறும்.

பில்லை விட எனக்குக் கவலை வேறு. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோ ஓட்டுவதாக இருந்தால் ஒரு எச்.பி.யை அது தாங்குமா என்று முதலில் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

அப்புறம், கால் மணி நேரத்து வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் குறை எச்.பி.யில் இருக்காது. உறிஞ்சும் பைப்பில் காற்று புகுகிறதா, அந்தப் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வோல்டேஜையும் அளக்கச் சொல்லுங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால், மோட்டாரின் சுழற்றும் விசை ஏறக்குறைய அறுபது சதவீதமாக இறங்கிவிடும். வோல்டேஜ்தான் குறை என்றால் ஒரு எச்.பி. மோட்டாரும் அங்கே திணறத்தான் செய்யும். ஸ்டெபிலைசருக்குச் செலவழிப்பது மேல்.