எபோனைட்டைச் சுற்றி மட்டும் ஏன் பிசுபிசுக்கிறது?

கேள்வி: ரெசினில் பேனா கடைய ஆசை. அதற்கான கட்டைகளை வீட்டிலேயே வார்த்துக்கொள்ளலாம் என்று சிலிகான் ரப்பர் வாங்கி அச்சு செய்தேன். கையிலிருந்த 16 மி.மீ. எபோனைட் ராடையே மாதிரியாக ஒரு பி.வி.சி. குழாய்க்குள் நிறுத்தி, இரண்டு பாட்டிலையும் சம அளவில் கலந்து ஊற்றினேன். மறுநாள் குழாயை ஒட்டிய பகுதி நன்றாக இறுகியிருந்தது. ராடைச் சுற்றி மட்டும் தேன் மாதிரி பிசுபிசுப்பு. மூன்று முறை செய்தும் இதே கதை. ஹார்டனரைக் கூட்டச் சொல்கிறார் கடைக்காரர். எவ்வளவு கூட்ட வேண்டும்?
- ஈரோடு வாசகர்

பதில்: ஒரு சொட்டுகூடக் கூட்டாதீர்கள். உங்கள் கலவையில் தப்பே இல்லை. கலவை தப்பாகியிருந்தால் குழாய் ஓரத்திலும் பிசுபிசுத்திருக்கும். ராடைத் தொட்ட இடத்தில் மட்டும் இறுகவில்லை என்றால் குற்றவாளி அந்த ராட்தான்.

எபோனைட் என்பது ரப்பரோடு ஏராளமாகக் கந்தகம் சேர்த்து வேகவைத்தது. சைக்கிள் டயர் ரப்பரில் கந்தகம் கொஞ்சம்தான் இருக்கும். எபோனைட்டில் எடையில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அதுதான். திருவள்ளூரில் கடையும் எபோனைட் பேனாவைக் கையில் வைத்து நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், லேசாகத் தீப்பெட்டி வாசனை வரும். சம அளவில் கலக்கும் சிலிகான் பெரும்பாலும் பிளாட்டினத்தால் இறுகுவது. அதில் பிளாட்டினம் இம்மியளவுதான் இருக்கும். கந்தகம் அதைப் பிடித்து முடக்கிவிடுகிறது. அந்த இடத்தில் ரப்பர் எத்தனை நாள் போனாலும் இறுகாது. வெயிலில் வைத்தாலும் பலனில்லை. ரப்பர் பால் கையுறையும் சில வகைக் களிமண்ணும் இதே வேலையைச் செய்யும். கையுறை வேண்டுமென்றால் வினைல் போடுங்கள்.

வெள்ளீயத்தால் இறுகும் இன்னொரு வகை சிலிகானும் உண்டு. நூறு கிராமுக்கு இரண்டு, மூன்று கிராம் ஹார்டனர் சேர்ப்பது பெரும்பாலும் அந்த வகை. கந்தகம் அதை ஒன்றும் செய்யாது. எபோனைட் ராடைத்தான் மாதிரியாக வைப்பேன் என்றால் இதை வாங்குங்கள். கொஞ்சம் சுருங்கும், சில வருடத்தில் அச்சு மொரமொரப்பாகிவிடும். கடைந்து எடுக்கப்போகிற கட்டைக்கு அந்தச் சுருக்கம் ஒரு பொருட்டே இல்லை. பத்துக்கு ஒன்று என்ற அளவில் கலப்பது இரண்டில் எந்த வகையாகவும் இருக்கலாம், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்டால் யார் சொல்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். டிரம்மில் வருவதை வெள்ளை டப்பாவில் பிரித்து ஊற்றி, 'மோல்டு ரப்பர், நம்பர் ஒன் குவாலிட்டி' என்று துண்டுச் சீட்டு ஒட்டி விற்கிறார்கள். எந்த வகை, எப்போது தயாரித்தது, யார் தயாரித்தது, ஒன்றும் இருக்காது. ஒருமுறை இப்படி வாங்கிய டப்பாவில் நான் செய்த அச்சு இரண்டு வாரத்தில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. விரலால் தொட்டால் வழுக்கும். அதில் வார்த்த கட்டையின் மேல் எண்ணெய்ப் படலம், ஒட்டுப் பசை எதுவும் பிடிக்கவில்லை. அளவைப் பெருக்குவதற்காகச் சிலிகான் எண்ணெயை ஊற்றி நீர்க்க அடித்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. பொட்டலத்தில் தயாரிப்பாளர் அல்லது பொதிந்தவர் பெயர், முகவரி, எடை, மாதம், விலை எல்லாம் அச்சிட வேண்டும் என்று 2011-லேயே மத்திய அரசு விதி போட்டாயிற்று. விதி இருந்து என்ன? கடைக்குக் கடை வெற்று டப்பா அடுக்கியிருக்கிறது, கேட்பார் இல்லை. பில் வாங்குங்கள், பில்லில் வகையை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். ஹார்டனரைக் கூட்டுங்கள் என்பவருக்கு இன்னொரு பாட்டில் விற்பதில்தான் கண்.

எந்த டப்பாவாக இருந்தாலும் முதலில் ஒரு சின்னச் சோதனை. ஐந்து கிராம் சிலிகான் கலந்து, கடலைப் பருப்பு அளவு ஒன்றை மாதிரி ராடின் மேலும் இன்னொன்றை எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்திலும் வையுங்கள். மறுநாள் நகத்தால் தூக்குங்கள். இரண்டும் தோல் மாதிரி உரிந்து வந்தால் தாராளமாக ஊற்றலாம். கரண்டியில் உரிந்து ராடில் இழுபட்டால் ராடில் கோளாறு. இரண்டிலும் இழுபட்டால் சரக்கே கோளாறு, டப்பாவோடு கடைக்குப் போங்கள். உங்கள் குழாய் அளவுக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 200 கிராம் போயிருக்கும். ஐந்து கிராமில் தெரிந்திருக்க வேண்டியது.

ராடின் மேல் வார்னிஷ் அடித்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். எபோனைட் விஷயத்தில் அதை நம்பி ரப்பரை ஊற்ற வேண்டாம். 16 மி.மீ. அக்ரிலிக் ராட் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிளாட்டினம் சிலிகானோடு அது சண்டை போடாது.

இதையெல்லாம் சொன்னபிறகு ஒன்று கேட்கிறேன். வெறும் உருளைக் கட்டை வார்க்கச் சிலிகான் எதற்கு? மேல்புறம் முழுவதும் லேத்தில் சுருள் சுருளாகக் கழிந்துபோகப் போகிறது. 25 மி.மீ. வயரிங் பைப்பை 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, உள்ளே மெழுகு பாலிஷை மெல்லியதாகத் தடவி, அடியை மூடி போட்டு ஹாட் குளூவால் அடையுங்கள். ஏறக்குறைய 50 மில்லி எபாக்சி ரெசின் பிடிக்கும். இறுகியபின் பைப்பை நீளவாக்கில் இருபுறமும் ஹாக்ஸா பிளேடால் கீறினால் கட்டை கழன்றுவிடும். ஒட்டிக்கொண்டால் பைப்போடு சேர்த்தே லேத்தில் மாட்டிக் கடைந்துவிடலாம். நான் இன்றும் பாதிக் கட்டைகளை இப்படித்தான் வார்க்கிறேன்.

சிலிகான்தான் வேண்டும் என்ற நிலை ஒன்று உண்டு. உள்ளே பித்தளைக் குழாயை வைத்து, அதன்மேல் மயிலிறகோ கடிகாரச் சக்கரமோ ஒட்டி, சுற்றிலும் ரெசின் வார்ப்பார்கள். அந்தக் குழாய் நட்டநடுவில் நிற்க அச்சிலேயே முளை வேண்டும், அதற்குச் சிலிகான்தான் வசதி. சக்கரப் பல்லுக்கு நடுவே காற்றுக்குமிழி மாட்டும் என்பதால் காற்றழுத்தத் தொட்டியில் வைத்து வார்ப்பவர்களும் உண்டு. நீங்களும் அந்தப் பக்கம் போவதாக இருந்தால், அச்சு செய்யும்போதே சிலிகானையும் அதே தொட்டியில், அதே அழுத்தத்தில் வைத்து இறுகவிட வேண்டும். வெளியில் இறுகிய அச்சுக்குள் குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழிகள் இருக்கும். தொட்டியில் அழுத்தம் ஏறியதும் அவை நசுங்கும், அச்சின் சுவர் அங்கங்கே உள்வாங்கும், ரெசின் அந்தப் பள்ளத்தில் போய் இறுகிவிடும். வெளியே எடுத்தால் கட்டை முழுக்க வேர்க்குரு மாதிரி புடைப்பு. ரெசின் சரியில்லை என்று ரெசினை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், கோளாறு அச்சில் இருக்கும்.

தொட்டிக்குப் பதிலாகக் குக்கரில் வால்வு மாட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வீட்டுக் குக்கர் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு நீராவிக்காகச் செய்தது. வார்ப்புக்கு 40, 50 பவுண்டு காற்று ஏற்றுவார்கள். மூடி தெறித்தால் முகம் போய்விடும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கெட்டுப்போன மூன்று அச்சையும் எறிந்துவிடாதீர்கள். பிசுபிசுப்பான உட்புறத்தை முழுவதும் வெட்டிக் கழித்துவிட்டு, நன்றாக இறுகிய வெளிப்பகுதியைச் சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் ராடை வைத்து அதே சிலிகானில் அடுத்த அச்சு ஊற்றும்போது, ராடைத் தொடாமல் குழாய் ஓரமாக அந்தத் துண்டுகளைப் போட்டு நிரப்பலாம், புது ரப்பர் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று அச்சிலும் போட்ட பணத்தில் கொஞ்சமாவது திரும்பி வரும்.