காலையில் போங்கள், பானட்டைத் தொட்டுப் பாருங்கள்

பழைய டீசல் கார் பற்றி மெக்கானிக்கான எனக்கு வந்த கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பாதிப் பேர் வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்கள், மீதிப் பேர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு "இது நல்ல வண்டிதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது வகைக்கு என்ன பதில் சொன்னாலும் உங்களுக்குத் தூக்கம் போகும், அதனால் முதல் வகையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பட்ஜெட் 4 லட்சம். வீட்டில் அஞ்சு பேர். தினமும் ஸ்கூலுக்கு எட்டு கிலோமீட்டர், மாசம் ஒரு தடவை திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்கு மாமியார் வீடு. டீசல்தானே சார் மிச்சம்?

இல்லை. உங்கள் ஓட்டம் மாதத்துக்கு 500 கிலோமீட்டர்கூட வராது, கூட்டிப் பார்த்துவிட்டேன். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 என்று வையுங்கள். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் அறுபத்தேழு காசு, டீசல் 20 கொடுத்தால் நாலு ரூபாய் அறுபது காசு. வித்தியாசம் இரண்டு ரூபாய் சொச்சம். மாதம் ஆயிரம், வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் மிச்சம். ஆனால் காமன் ரெயில் டீசல் இன்ஜினில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒரே ஒன்று போனால் அந்த வருஷத்து மிச்சம் போய்விடும், அதில் நாலு இருக்கின்றன. லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்த காலத்துக் கணக்கை இன்னும் மனசில் வைத்துக்கொண்டு நிறையப் பேர் டீசல் தேடுகிறார்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் டீசலுக்கு வரட்டும். நீங்கள் நல்ல பெட்ரோல் வண்டியாகப் பாருங்கள், மாமியார் வீட்டுக்கு அதுவும் போகும்.

தினமும் திருப்பூர்–கோவை போய் வர வேண்டும். மூன்றரை லட்சத்துக்குள் எந்த டீசல்?

உங்களுக்கு டீசல் சரி. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நிற்காத ஓட்டம்.

இந்த விலையில் 2012 முதல் 2016 வரையிலான வண்டிகள்தான் மாட்டும். என் முதல் சிபாரிசு ஸ்விஃப்ட், டிசையர் 1.3 டீசல். அது ஃபியட்டின் மல்டிஜெட் இன்ஜின். மாருதி அதை லைசென்ஸ் வாங்கி மானேசரில் செய்தது, டாடாவும் விஸ்டாவில் போட்டது. இத்தனை வண்டிகளில் ஓடியதால் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகின இன்ஜின், பழைய சாமானும் கிடைக்கும். வால்வுகளை ஓட்டுவது டைமிங் செயின்தான், அவ்வப்போது மாற்ற வேண்டிய பெல்ட் இல்லை. 2,000 ஆர்.பி.எம். வரை தூங்கும், அப்புறம் திடீரென்று எழுந்து ஓடும், அது அதன் குணம், ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது, அதனால் விலை கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும்.

இடவசதி வேண்டுமென்றால் டொயோட்டா எடியோஸ் 1.4. உள்ளே பார்க்க ஒன்றுமில்லை, மீட்டரை நடுவில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள், ஆனால் இன்ஜின் உழைப்பாளி. ஒரே சிக்கல், பாதி எடியோஸ் டாக்ஸியாக ஓடியது. ஹோண்டா அமேஸ் 1.5 நல்ல மைலேஜ், சத்தம் மட்டும் கொஞ்சம் ட்ராக்டர் வாடை. ஃபோர்டு ஃபிகோ, ஆஸ்பயர் 1.5 ஓட்டிப் பார்த்தால் மற்றதெல்லாம் பிடிக்காது. 2021-ல் ஃபோர்டு இங்கே கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்ததும் மறுவிற்பனை விலை இறங்கியது, வாங்குகிறவருக்கு அது லாபம்தான். ஆனால் அதில் டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால் அதை மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துத்தான் பேச வேண்டும், ஏனென்றால் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடித்து இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டே போய்விடும்.

செவ்ரோலே பீட் டீசல் ஒன்றரை லட்சத்துக்கு வருகிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கம்பெனி 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஓட்டும்போது நன்றாகத்தான் இருக்கும், நின்றால் சாமான் தேடி அலைய வேண்டும். பொழுது போகாதவர்கள் வாங்கலாம்.

எனக்கு வண்டி பற்றி ஒன்றும் தெரியாது. பார்க்கப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

காலை ஆறரைக்குப் போங்கள். புரோக்கர் "பதினோரு மணிக்கு வாங்க சார்" என்பார், அதற்குக் காரணம் இருக்கிறது. போனதும் கைகுலுக்குவதற்கு முன்னால் பானட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். இருபத்திநாலு வயதில் நான் வாங்கிய முதல் டீசல் காரை மத்தியானம் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன். பூப்போல ஓடியது. மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியே இறங்கிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சட்டை போடாமல் வந்து தள்ளினார்கள். ஒரு மெக்கானிக்கின் வண்டியை. இன்றைக்கும் அந்தத் தெருவில் அது பேச்சு.

குளிர்ந்த இன்ஜினில் சாவியைத் திருப்பி, டாஷ்போர்டில் எரியும் ஹீட்டர் விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடித்தால் இரண்டு மூன்று வினாடிக்குள் பிடிக்க வேண்டும். பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் லேசாக வெள்ளையாக வந்து ஒரு நிமிஷத்தில் நின்றால் பரவாயில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கரும்புகை கொட்டினால் ஏர் ஃபில்டராகவும் இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். முதலாவது சில நூறு ரூபாய், இரண்டாவதுக்கு எத்தனை ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே இடத்தில் சும்மா தலைகீழாக வையுங்கள். டீசலில் கொஞ்சம் காற்று வரத்தான் செய்யும், மூடி லேசாக நடுங்கும். மூடி குதித்து விழுந்து, குப்குப்பென்று புகை வந்தால் அதற்குப் பெயர் பேக் கம்ப்ரஷன், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட் சந்தேகம்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பயந்து போன் செய்கிறவர்கள் அதிகம். டீசலில் ஆயில் மாற்றிக் கொஞ்ச தூரம் ஓடினாலே கறுத்துவிடும். தேன் மாதிரி பளபளவென்று இருந்தால்தான் நான் யோசிப்பேன். நேற்றுதான் மாற்றியிருக்கிறார்கள், விற்கப்போகிற வண்டிக்கு அத்தனை பாசம் ஏன்?

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். நாலாவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால், இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. பிக்கப் எடுக்கும்போது விசில் மாதிரி மெல்லிய சத்தம் டர்போவின் இயல்பு. சைரன் மாதிரி கத்தினால் இறங்கிவிடுங்கள்.

2013 மாடல், மீட்டரில் 62,000 கி.மீ. நம்பலாமா?

நம்ப ஆசைதான். டீசல் வாங்கினவர் ஏன் வாங்கினார், ஓட்டுவதற்குத்தானே? மீட்டரைக் குறைக்க ஒரு லேப்டாப்பும் அரை மணி நேரமும் போதும். ஆனால் பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல்பக்கம், டிரைவர் சீட்டின் வலது ஓரம், இதையெல்லாம் யாரும் மெனக்கெட்டு மாற்றுவதில்லை. ரப்பர் மொழுக்கென்று தேய்ந்திருக்க மீட்டர் 62,000 என்றால் மீட்டர் பொய் சொல்கிறது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 1419 என்றால் 2019-ல் பதினாலாவது வாரம் செய்தது. அது இரண்டாவது செட்டா மூன்றாவதா என்று கேளுங்கள், பதில் சொல்லும் முகத்தைப் பாருங்கள். வண்டி நம்பரைச் சொன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் சொல்வார்கள், ஓனரையும் கூட்டிப்போனால் இன்னும் சுலபம். எனக்கு லட்சத்து நாற்பதாயிரம் ஓடி முழு சர்வீஸ் பில்லோடு வரும் வண்டிதான் பிடிக்கும்.

டெல்லி வண்டி, பத்து வருஷம் ஆகப்போகிறது, பாதி விலைக்குத் தருகிறார்கள்.

பாதி விலைக்குக் காரணம், அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசலை ஓடவிடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, 2025-ல் அதே நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்தியது. வண்டி மேல் குறை இருக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, ரீ-ரிஜிஸ்டர் செய்து தமிழ்நாட்டு நம்பர் வாங்குவதற்குள் அந்தப் பாதி விலை முக்கால் விலை ஆகிவிடும். அதற்கப்புறம் பதினைந்து வருஷப் பதிவு முடிய ஐந்து வருஷம்தான் பாக்கி, பிறகு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிற்கப் பொறுமை உள்ளவருக்கு ஓகே, எனக்கு இல்லை.

சென்னையில் பார்க்கும் வண்டி வெள்ளத்தில் மூழ்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியில் மண் இருக்கிறதா, சீட்டின் அடித் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை வெள்ளம், மூன்றிலும் மூழ்கின வண்டிகள் பட்டி பார்த்து பாலிஷ் போட்டு வேறு ஊர்களுக்கும் வந்திருக்கின்றன, அதனால் கோவையில் வாங்குகிறவர்களும் இதைச் செய்யுங்கள்.

இன்னொரு வழி, அதிகம் பேர் பார்க்காதது. இன்ஷூரன்ஸ் பாலிசியில் என்.சி.பி. என்று ஒரு கட்டம், நோ க்ளெய்ம் போனஸ், பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. க்ளெய்ம் எதுவும் செய்யாதவருக்கு அது 20-ல் தொடங்கி ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் வரை ஏறும், க்ளெய்ம் செய்தால் பூஜ்யம். ஏழெட்டு வருஷமாக ஒரே ஓனர், என்.சி.பி. பூஜ்யம், ஆனால் "ஒரு கீறல் விழுந்ததில்லை சார்" என்றால் என்ன க்ளெய்ம் அது? கேளுங்கள். அந்தச் சலுகை ஓனருடையது, வண்டியோடு உங்களுக்கு வராது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

போன வருஷம் விற்ற காருக்கு இன்னும் என் போனுக்குச் சலான் வருகிறது. வாங்கினவர் பெயர் மாற்றவில்லை.

சலானை விடுங்கள், அந்த வண்டி யார் மேலாவது மோதினால் இழப்பீட்டு வழக்கில் உங்கள் பெயர் வரும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்ற 14 நாளுக்குள் படிவம் 29-ல் தெரிவிப்பது விற்கிறவர் வேலை. இப்போதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், டெலிவரி நோட் இருந்தால் நகல் இணையுங்கள். வாங்குகிறவர்களும் கேளுங்கள்: லோன் முடிந்த வண்டியானால் பேங்க் என்.ஓ.சி.யும் ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல், டவுனுக்குள் மட்டும் ஓட்ட?

வேண்டாம். சைலன்ஸர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அது தன்னையே சுத்தம் செய்துகொள்ள இன்ஜின் நன்றாகச் சூடேறி ஹைவேயில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் ஓட்டினால் அடைத்து விளக்கு எரியும்.

வண்டி பார்க்க மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் எவ்வளவு கொடுப்பது?

அரை நாள் கூலி, போக வரச் செலவு, டிபன். வாங்க வேண்டாம் என்று அவர் சொன்னால் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள், ஏனென்றால் வாங்கச் சொன்னால் அவருக்குப் புரோக்கரிடம் கமிஷன் வரும், வேண்டாம் என்று சொன்னால் உங்களிடம் இருந்து மட்டும்தான்.