உப்பைக் குறைத்தால் இறைச்சி ஏன் பூசணம் பிடிக்கிறது?

கேள்வி: என் கணவருக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மகனுக்கோ கோதுமை ஒத்துக்கொள்ளாது. இருவருக்கும் உலர் இறைச்சி என்றால் உயிர். உப்பே போடாமல் வீட்டில் செய்து டப்பாவில் வைத்தேன். ஒரே வாரத்தில் பூசணம். எங்கே தவறினேன்?

பதில்: சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. உப்பை எடுத்தீர்கள், அது பார்த்துக்கொண்டிருந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கிருமிகளுக்குக் கிடைக்கும் ஈரத்தைக் கட்டிப்போடுவது உப்புதான். அது இல்லையென்றால் சூடும் ஃப்ரீஸரும் அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

கொழுப்பில்லாத சதையாக வாங்குங்கள். கொழுப்பு காயாது, சிக்கடித்துப் போகும். அரைமணி, ஒருமணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து, பாதி உறைந்ததும் 5 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். கத்தி வழுக்காது, துண்டுகளும் ஒரே கனமாக வரும்.

ஊறவைக்கும்போது சோயா சாஸ் பக்கமே போகாதீர்கள். ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம், போதாததற்குப் பெரும்பாலானவற்றில் கோதுமையும் உண்டு. அப்பாவுக்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது! வினிகர், பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள் போதும். புளிப்பும் காரமும் தூக்கலாக இருந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது. டாக்டர் சம்மதித்தால் கிலோவுக்கு அரை டீஸ்பூன் உப்பு போடலாம். ஆனால் ஒரு கிலோ காய்ந்து சுமார் 350 கிராம் ஆகிவிடும், உப்பு மட்டும் அப்படியே தங்கும் என்பதை மறக்க வேண்டாம். சிறு கிண்ணத்தில் அளந்து கொடுங்கள். டப்பாவையே கையில் கொடுத்தால் கணக்கு போச்சு.

'மாற்று உப்பு' வாங்கும் யோசனை இருந்தால், முதலில் டாக்டரைக் கேளுங்கள். அதில் இருப்பது பொட்டாசியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து.

அடுத்தது பலர் தாண்டிப் போகும் படி. உலர்த்தும் முன்பே இறைச்சி வேக வேண்டும். உலர்த்தியில் (உணவை உலர்த்தும் மின்கருவி) ஈரம் ஆவியாகும்போது துண்டு குளிர்ந்துகொண்டே இருக்கும்; உள்சூடு ஏறுவதற்குள் காய்ந்துவிடும். காய்ந்த இறைச்சியில் தப்பிய கிருமியைப் பிறகு சூட்டால் கொல்வதும் கடினம். ஆகவே ஊறிய துண்டுகளை அந்த ஊறல் நீரோடே கொதிக்கவிடுங்கள். ஒரு துண்டை எடுத்துச் சமையல் தெர்மாமீட்டர் முனையில் சுருட்டிப் பிடித்துப் பாருங்கள். ஆடு, மாடு என்றால் 71 டிகிரி செல்சியஸ், கோழி என்றால் 74 காட்ட வேண்டும். பிறகு வடித்து, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, 60 டிகிரியில் உலர்த்துங்கள். உலர்த்தி இல்லையா? அந்த அளவுக்குச் சூட்டைக் குறைக்க முடிகிற ஓவன் இருந்தால், கதவைச் சற்றே திறந்து வைத்துச் செய்யலாம். வெயிலை மட்டும் நம்பாதீர்கள்.

பதம் பார்ப்பது எப்படி? ஒரு துண்டை ஆறவிட்டு மடக்குங்கள் (சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்). வெடிப்பு விட வேண்டும், இரண்டாக முறியக் கூடாது. வெடித்த இடத்தை நசுக்கினால் ஈரம் கசியவே கூடாது.

உப்பு குறைந்த இறைச்சிக்கு அலமாரியில் இடமில்லை. நன்றாக ஆறியதும் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி ஃப்ரீஸரில் போடுங்கள், அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். போன முறை செய்ததில் மிச்சம் ஏதாவது இருந்தால், பூசணத்தைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாமா என்று யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.